பைக் மாற்றப் போகிறீர்களா? முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள்

2024 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்து கொண்டிருக்கும்போது தொலைபேசி வந்தது. என் தங்கச்சியின் மகன் ஹெம்மாதகமப் பாதையில் விழுந்து விட்டான். பின்னேர மழைக்கு முன் வீடு வந்து சேர வேண்டும் என்ற அவசரம். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, பிரேக்கை அழுத்தியிருக்கிறான். தேய்ந்த டயர், ஈரத் தார், பின்னால் நாற்பத்தைந்து கிலோ சாமான். பைக் ஒரு பக்கம், மிளகாய்த்தூள் பெட்டி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். அல்ஹம்துலில்லாஹ், தோள் எலும்பு மட்டும்தான் முறிந்தது. பஸ் சாரதி நல்ல மனிதர், நிறுத்தி விட்டார்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி என் கையைப் பிடித்துக் கொண்டு அழுதாள். "நானா, நீங்க ஒரு வார்த்த செல்லுங்க. இந்த பைக்க வித்துப் போட்டு த்ரீவீல் ஒண்ணு எடுக்கச் செல்லுங்க. இவன் என்ட பேச்சக் கேக்கிறானில்ல."

கட்டிலில் கிடந்தவன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, பைக்ல பிழ இல்ல. இது சின்னது. இந்தச் சுமைக்கும் இந்த ஏத்தத்துக்கும் இது இனிச் சரிவராது. பெருசு ஒண்ணு எடுக்கோணும்."

தாய் சொன்னதும் முழுப் பிழையில்லை, மகன் சொன்னதும் முழுச் சரியில்லை. அன்று தொடங்கிய பேச்சு முடிய ஒரு வருடம் சென்றது. அந்த ஒரு வருடத்தில் நாங்கள் இருவரும் போட்ட கணக்குத்தான் இந்த வாரக் கட்டுரை. நம்மில் எத்தனையோ பேர் நூறு சீசீ பைக்கில் தொழிலைத் தொடங்கியவர்கள். லைனுக்குப் போகும் பிள்ளைகள், வசூலுக்குப் போகிறவர்கள், அதிகாலையில் சந்தைக்குப் போகிறவர்கள். தொழில் வளர்ந்து விடுகிறது, பைக் அப்படியே நிற்கிறது. அடுத்தது எதை எடுப்பது என்ற இடத்தில்தான் பலர் கையைச் சுட்டுக் கொள்கிறார்கள்.

நானும் சுட்டுக் கொண்டவன்தான். என் முதல் பைக் ஹொண்டா எம்.டி.90. ஜப்பான் தபால்காரர்கள் ஓட்டிய அந்தச் சிவப்பு வண்டியை நம் ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது, பின்னால் அகலமான கெரியர். அரிசி மூட்டையும் ஏற்றலாம், ஆட்டுக் குட்டியையும் ஏற்றலாம். 2001இல் கையில் கொஞ்சம் காசு புரண்டபோது அதை விற்று விட்டு, ஜப்பானிலிருந்து வந்த 250 சீசீ, நான்கு சிலிண்டர் பைக் ஒன்றை வாங்கினேன். விற்றவர், ஜப்பானில் ஒரு டொக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டியது என்றார். ஜப்பானில் அத்தனை டொக்டர்கள் பைக் ஓட்டினால் நோயாளிகளை யார் பார்ப்பது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் அருமை. பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினால் பொடியன்மார் வந்து சுற்றி நிற்பார்கள். ஆனால் அந்த வகை என்ஜினின் பலம் முழுவதும் உச்சச் சுற்றில்தான் இருக்கிறது. சாமானோடு அரநாயக்கப் பக்கம் ஏறும்போது கீழ்ச் சுற்றில் அது இழுக்காது. கிளட்சை அரைவாசி பிடித்துப் பிடித்தே ஏற்றினேன், கிளட்ச் தட்டு எரிந்தது. அது என் பிழை, பைக்கின் பிழையல்ல. பதில் தட்டுக்காகப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன், வாரக் கணக்கில் வண்டி சும்மா நின்றது. நான்கு காபரேற்றரையும் ஒரே சீராக்கத் தெரிந்த பாஸ் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பதினான்கு மாதத்தில் நட்டத்துக்கு விற்றேன். பிறகு தேடியபோது அந்த எம்.டி.90 கிடைக்கவில்லை. வாங்கியவர் தருவதாக இல்லை.

ஆகவே மருமகன் "பெருசு" என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குப் பெருசு?" என்பதுதான். அவனுக்கு அப்போது பிடித்திருந்தது 200 சீசீ ஒன்று. ஏன் என்று கேட்டால் ஏற்றம், சுமை, பிரேக் என்றெல்லாம் சொன்னான். அவனுடைய தொலைபேசியின் முகப்பில் அந்தப் பைக்கின் படம் இருந்ததை நான் பார்த்து விட்டேன். வாலிபம்தானே.

ஒரு கடதாசியை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். அவன் மாதம் இருபத்தைந்து நாள் லைன் போகிறான். மாவனல்லையிலிருந்து ஹெம்மாதகம ஊடாகக் கம்பளை ஒரு நாள், அரநாயக்க ஒரு நாள், கடுகண்ணாவை ஏறிப் பிலிமத்தலாவை ஒரு நாள் என்று மாறி மாறி வரும். சராசரி நாளுக்கு 80 கிலோமீற்றர், மாதம் 2,000 கிலோமீற்றர். ஆள் 65 கிலோ, சாமான் 45 கிலோ.

நூறு சீசீ பைக் ஏறக்குறைய 110 கிலோ இருக்கும், என்ஜின் பலம் எட்டுக் குதிரை சுற்றி. ஆளும் சாமானுமாகச் சேர்ந்தால் 220 கிலோ. ஒரு குதிரைக்கு 27 கிலோவுக்கு மேல் வருகிறது. 125 என்றால் வண்டி 120 கிலோ, பலம் பதினொரு குதிரைக்குச் சற்றுக் குறைய, ஒரு குதிரைக்கு 21 கிலோ சுற்றி. 150 என்றால் வண்டி 140 கிலோ, பலம் பதின்மூன்றுக்கு மேல், ஒரு குதிரைக்கு 18 அல்லது 19 கிலோ. 200க்குப் போனால் குதிரைகள் இருபதைத் தாண்டும். ஆனால் ஹெம்மாதகம வளைவுகளில் அந்தக் குதிரைகளை எங்கே அவிழ்த்து விடுவது? மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போக முடியாத பாதையில் இருபது குதிரைக்குத் தீனி போடுவது வியாபாரமல்ல.

தீனி என்றதும் பெற்றோல் கணக்கு. கம்பனி சொல்லும் கணக்கை விடுங்கள், அது ஜன்னலில் தொங்கும் கணக்கு. சுமையோடு மலைப் பாதையில் நூறு சீசீ லீற்றருக்கு 55, நல்ல 125 ஒன்று 50, 150 ஒன்று 42, 200 ஒன்று 33 என்று வைத்தோம். மாதம் 2,000 கிலோமீற்றருக்கு முறையே 36, 40, 48, 60 லீற்றர். கணக்கு இலகுவாக இருக்க லீற்றர் 300 ரூபா என்று போட்டால் 10,800, 12,000, 14,400, 18,000 ரூபா. நூறிலிருந்து 150க்குப் போவதற்கு மாதம் 3,600 ரூபா மேலதிகம். 200க்குப் போவதற்கு 7,200 ரூபா. வருடத்துக்கு 86,400 ரூபா. டயரும் செயின் செட்டும் அதில் சேரவில்லை.

இன்னொன்றையும் நினைவுபடுத்தினேன். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றதே, கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரம் நான்கு லீற்றர். அந்த நான்கு லீற்றரில் இவனுடைய நூறு சீசீ 220 கிலோமீற்றர் ஓடியது. லொறிகள் படுத்துக் கிடந்த நாட்களில் இவன் வாரத்துக்கு மூன்று லைன் போய், கடைக்காரர்களின் மனதில் இடம் பிடித்தான். இன்று அவனிடம் இருக்கும் வாடிக்கையில் பாதி அந்த வருடம் சேர்ந்தது. 200 சீசீ என்றால் 130 கிலோமீற்றரோடு வண்டி நின்றிருக்கும்.

"அப்ப 125 எடுக்கட்டுமா மாமா?" என்று கேட்டான். நான் ஆம் என்றுதான் சொன்னேன். சிக்கனம், பாரம் குறைவு, ஊர் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார், மறுவிற்பனையும் உண்டு. கல்முனை, காத்தான்குடி போன்ற சமதரைப் பக்கத்தில் தொழில் செய்கிறவருக்கு இன்றும் என் பதில் அதுதான். நூறிலிருந்து 125, அதற்கு மேல் தேவையில்லை. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவர், வீட்டுப் பெண்களும் ஓட்ட வேண்டும் என்றால், 110 அல்லது 125 ஸ்கூட்டர் இன்னும் நல்லது. காலடியில் ஒரு சீனிச் சாக்கு வைக்க இடமிருக்கும்.

ஆனால் பிள்ளை என்னை மடக்கினான். கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, தன் பாதையின் நேரக் கணக்கை எழுதினான். கம்பளை லைனில் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து ஏறும் இடங்கள் எத்தனை, அதனால் ஒரு நாளைக்குப் போகும் நேரம் எவ்வளவு, அந்த நேரத்துக்குள் பார்க்கக்கூடிய கடைகள் எத்தனை என்று. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மிஞ்சினால் ஐந்து கடை அதிகம் பார்க்கலாம். ஐந்து கடையின் இலாபம் இரண்டு மூன்று நாளிலேயே அந்த 3,600 ரூபாவைக் கொடுத்து விடும். பெற்றோலை மட்டும் கணக்கிட்டு நேரத்தை மறந்த வியாபாரியாக நான் இருந்திருக்கிறேன். முப்பது வருடம் கடையில் இருந்தவனுக்கு இருபத்தாறு வயதுப் பிள்ளை சொல்லித் தந்த பாடம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அவன் சொன்ன அடுத்த விடயம் அதைவிட முக்கியமானது. விழுந்தது ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

பெரிய பைக் என்றால் நாம் வேகத்தைத்தான் நினைக்கிறோம். என்னைக் கேட்டால் நூறிலிருந்து 150க்குப் போவதில் பெரிய இலாபம் பிரேக்கும் டயரும்தான். வேகம் 40இலிருந்து 60 ஆனால், நிற்க எடுக்கும் தூரம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடியை இழக்கும். கடுகண்ணாவையிலிருந்து இறங்கும் புதிய பிள்ளைகள் நியூட்ரலில் போட்டு, பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று வருகிறார்கள். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது பைக்குக்கும் பொருந்தும். முன் சில்லுக்கு டிஸ்க், அதோடு ஏ.பீ.எஸ். இருந்தால், ஈரத் தாரில் பதறிப் பிரேக்கைப் பிடித்தாலும் சில்லு பூட்டிக் கொள்ளாது. இவன் விழுந்த அன்று நடந்தது அதுதான். முன் சில்லு பூட்டிக் கொண்டது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சீசீக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏ.பீ.எஸ். கட்டாயம். 125உம் அதற்குக் குறைந்தவையும் முன் பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் முறையோடு வந்தால் போதும் என்றுதான் அப்போது விதித்தார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். அதே பெயரில் இங்கு வரும் வண்டியிலும் அது இருக்கும் என்று எண்ண வேண்டாம். முன் சில்லில் டிஸ்க் தட்டுக்குப் பக்கத்தில் பல்லுப் பல்லாக ஒரு சிறு வளையம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் ஏ.பீ.எஸ். பற்றி விற்பவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

சரி, 150 என்று முடிவாகியது. 150களிலும் ஒன்றைப்போல் ஒன்றில்லை. 2001இல் பஜாஜ் பல்சர் வந்த பிறகுதான் நம் பக்கத்து நாடுகளில் சாதாரண மனிதனும் 150 ஓட்டத் தொடங்கினான். 2008இல் யமஹா எஃப்.இசட். தடித்த டயரோடு வந்தது, 2014இல் சுசுகி ஜிக்சர் வந்தது. பின்னையவை பார்வைக்கு அழகு, வளைவில் பிடிப்பு நல்லது. ஆனால் தொழில்காரர் பார்க்க வேண்டிய இடம் பின்பக்கம். ஆசனம் உயர்ந்து, வால் கூர்ந்து, கெரியர் பூட்ட இரும்பே இல்லாத வண்டிகள் உண்டு. வெல்டிங் கடைக்குக் கொண்டு போய்ச் சட்டகத்தில் ஒட்டிப் பெட்டி கட்டுகிறார்கள். அது ஒரு நாள் விடும். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது, ஆளும் சாமானும் சேர்த்துப் பெரும்பாலும் 130 கிலோவைச் சுற்றித்தான். பைக் பெரிதானதால் சுமையையும் இரட்டிக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்ததில்லை.

நம் வீடுகளுக்கு இன்னொரு விடயம் உண்டு. உம்மாவை, மனைவியைப் பின்னால் ஏற்றிக் கொண்டு போகிறோம். அபாயா சில்லிலோ செயினிலோ சிக்கி விழுந்த கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. செயினை முழுக்க மூடிய உறையும் பின் சில்லுக்குக் காவலும் 100, 125 பைக்குகளில் சாதாரணமாக இருக்கும். விளையாட்டுத் தோற்றத்துக்காக வந்த வண்டிகளில் செயின் திறந்து கிடக்கும். அழகு கெடுகிறது என்று காவலைக் கழற்றி வீசும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அதைக் கழற்றக் கூடாது. இல்லாவிட்டால் வாங்கிப் பூட்ட வேண்டும். மருமகனைப் பைக்கில் உட்கார வைத்துப் பார்க்கும்போது தங்கச்சியையும் கூட்டிக் கொண்டு போனேன். அவள் ஏறிப் பார்த்து, முதல் வண்டியை வேண்டாம் என்றாள். இறங்கும்போது கால் எட்டவில்லை. இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம்.

எரிபொருள் உட்செலுத்தும் முறையா, காபரேற்றரா என்ற கேள்விக்கு இப்போது பெரிய இடமில்லை. புதியவை அநேகமாக உட்செலுத்தும் முறையில்தான் வருகின்றன. மலையில் காலைக் குளிரில் ஒரே உதையில் எழும்பும், பெற்றோலும் சற்று மிச்சம். ஆனால் பற்றரி இறந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வது நிச்சயமில்லை, பிழை வந்தால் ஸ்கேன் பண்ண இயந்திரம் வேண்டும். உங்கள் ஊர்ப் பாஸிடம் அது இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். எங்கள் பாஸ் சிங்கள மனிதர், மூன்று தலைமுறைப் பைக்குகளைப் பார்த்தவர். நான் கேட்டதும் சிரித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கேன் இயந்திரத்தைக் காட்டி, "முதலாளி, நானும் படிச்சிட்டேன்" என்றார்.

லைசன் விடயத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மருமகனின் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால், அதில் இருந்தது ஏ1 வகுப்பு மட்டும். அது நூறு சீசீக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு மேல் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதில்லை, பைக் என்றால் பைக்தானே என்று நினைக்கிறார்கள். பொலிஸ் தண்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அனுமதி இல்லாத வகுப்பு வண்டியை ஓட்டி விபத்தானால் காப்புறுதி கைவிரித்து விடும். எதிரே வந்தவரின் நட்டமும் நம் தலையில். தோள் ஆறியதும் முதல் வேலையாகக் கேகாலைக்குப் போய் வகுப்பைக் கூட்டிக் கொள்ள வைத்தேன். பைக் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

புதிதா, பழையதா? 2024 கடைசியில் இதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்குகளின் விலை பைத்தியம் பிடித்து ஏறியிருந்தது. ஏழு வருடம் ஓடிய வண்டி, புதிதாக வாங்கிய விலையை விடக் கூடுதலாகப் போனது. இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. உடனே விலை தரையில் விழும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். தடைக்கு முன் டொலர் 200 ரூபாவுக்கும் குறைவு, திறக்கும்போது 300 சுற்றி. அதன் மேல் வரியும் இருக்கிறது. ஆனாலும் பழைய வண்டிக்காரர்களின் திமிர் கொஞ்சம் அடங்கியது. விலை பேச இடம் வந்தது.

பழையது வாங்குகிறவருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். கிலோமீற்றர் மானியை நம்ப வேண்டாம், அதைத் திருப்பிவிடக் கை இருக்கிறது. கால் வைக்கும் ரப்பரையும் பிரேக் மிதியையும் பாருங்கள், தேய்மானம் பொய் சொல்லாது. விடிகாலையில் போங்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஹெண்டிலுக்குக் கீழே சட்டகக் கழுத்தில் புதுப் பெயின்ட் இருந்தால் வெல்டிங்கைத் தேடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கம், சட்டக இலக்கம் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். அதில் லீசிங் கம்பனி முழு உரிமையாளராக எழுதப்பட்டிருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வண்டிகளும் உண்டு. இடையில் அதே வண்டியில் யார் என்ன குற்றம் செய்தாலும் பொலிஸ் தட்டுவது பெயர் உள்ளவர் கதவை. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து.

இனிப் பணம். இங்கேதான் நம் சமூகத்தில் பேசாமல் விடும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

ஒன்று லீசிங். ஷோரூமில் பைக்கின் விலையைச் சொல்ல மாட்டார்கள், மாதத் தவணையைத்தான் சொல்வார்கள். 3 இலட்சம் ரூபா, மூன்று வருடம், 'வெறும் 12 வீதம்' என்று வைத்துக் கொள்வோம். வருடம் 36,000, மூன்று வருடத்துக்கு 108,000. மொத்தம் 408,000. மாதம் 11,333 ரூபா. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக் கொண்டே வருகிறோம், வட்டியோ கடைசி மாதம் வரை முழு 3 இலட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து வரும் மிகுதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 12 வீதம் உண்மையில் 21 வீதத்தைத் தாண்டுகிறது. வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும், அதை நான் இங்கு எழுதத் தேவையில்லை. வியாபாரக் கணக்கிலும் அது எவ்வளவு பாரம் என்பதைக் காட்டத்தான் இதை எழுதினேன்.

அதற்காக இஸ்லாமியப் பெயர் பலகை இருக்கும் இடமெல்லாம் கண்ணை மூடிக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். முராபஹா என்றால் நிறுவனம் வண்டியை வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி நமக்கு விற்கிறது. விலை அன்றே நிலையாகிவிடும், பிறகு கூடாது. இஜாரா என்றால் வண்டி அவர்களுடையது, நாம் வாடகை கொடுத்து ஓட்டுகிறோம், முடிவில் நம் பெயருக்கு மாறும். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள்: மொத்தம் எவ்வளவு கொடுத்து முடிப்பேன்? தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது, உங்கள் இலாபத்துக்கா, தர்மத்துக்கா? முன்கூட்டியே முடித்தால் தள்ளுபடி உண்டா? கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பதில் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டால் எழுந்து வந்து விடுங்கள்.

நம் பெண்கள் பிடிக்கும் சீட்டு இருக்கிறதே, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இருபது பேர், மாதம் 15,000 ரூபா, 3 இலட்சம். வட்டி இல்லை, படிவம் இல்லை, பிணை இல்லை. இருப்பது நம்பிக்கை ஒன்றுதான், அதனால் பிடிப்பவர் யார் என்பதைப் பார்த்துச் சேர வேண்டும். தங்கச்சி சேர்ந்திருந்த சீட்டு 2025 ஆகஸ்டில் அவளுக்கு விழுந்தது. மகன் பைக்கை விட்டு விட வேண்டும் என்று அழுதவள், அந்தப் பணத்தை அவன் கையில் கொடுத்து, "பிரேக் நல்லத எடு" என்றாள்.

இரண்டாவது விடயம் இன்னும் கசப்பானது. அந்த நேரத்தில் அவனுக்குப் பெண் பார்த்துக் கொண்டிருந்தோம். வந்த தரகர் நாசூக்காகச் சொன்னார், "பைக்குக்கு ஏன் அலையிறீங்க, பொண்ணு வீட்டார் ஒண்ணு எடுத்துத் தருவாங்க" என்று. மாப்பிள்ளைக்குப் பைக் என்பது நம் ஊர்களில் கைக்கூலியின் மரியாதையான பெயராகி விட்டது. நான் வாய் திறக்குமுன் பிள்ளையே சொன்னான்: "மஹர் குடுத்துக் கலியாணம் முடிக்கப் போறவன் நான். அவங்கட வாப்பா கடன் பட்டு வாங்கித் தாற பைக்ல எப்பிடி அவள ஏத்திட்டுப் போற?" தரகர் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்தார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. வேறொன்று பேசி முடித்திருக்கிறோம்.

கையில் இருந்த சேமிப்பு, சீட்டுப் பணம், எஞ்சியதற்கு முராபஹா என்று 2025 செப்டெம்பரில் 150 சீசீ ஒன்று வீட்டுக்கு வந்தது. ஏ.பீ.எஸ். உள்ளது. தட்டையான ஆசனம், கெரியர் பூட்ட இடம், செயினுக்கு உறை போட்டாகி விட்டது. முதல் ஆயிரம் கிலோமீற்றர் சுமை ஏற்றாமல் ஓட்டச் சொன்னேன், பாதிச் சுமையோடு ஓட்டினான். தலைக்கவசத்துக்கு நல்ல காசு செலவழிக்கச் சொன்னேன், அதை மட்டும் கேட்டான். முழுக் காப்புறுதியைத் தகாபுலில் எடுத்தோம்.

பழைய நூறு சீசீயை விற்று முராபஹாவில் ஒரு பகுதியை அடைக்கலாம் என்று நான் சொன்னேன். கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமா என்று தட்டிக் கழித்துக் கொண்டிருந்தான். நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. மலைகள் சரிந்தன, வீதிகள் மூடப்பட்டன. உள்ளே இருந்த கிராமங்களுக்குச் சாமான் போக வழியில்லை. சேறு மூடிய இடங்களில் 140 கிலோ வண்டியைத் தூக்கிக் கடக்க முடியாது. புது பைக்கை வீட்டு முற்றத்தில் மூடி வைத்துவிட்டு, பழையதை எடுத்துக் கொண்டு கடைப் பொடியனையும் கூட்டிக் கொண்டு போனான். ஓடக்கூடிய இடத்தில் ஓட்டி, ஓடாத இடத்தில் இருவருமாகப் பிடித்துத் தூக்கி, பால்மாவும் பருப்பும் மெழுகுதிரியும் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அந்த நாட்களில் வாடிக்கைக் கடைகளுக்குப் பழைய விலைக்கே கொடுத்தான், சிலருக்குக் காசே கேட்கவில்லை.

பாதை திறந்த பிறகு மூன்று பேர் அந்தப் பழைய பைக்கைக் கேட்டு வந்தார்கள். அவன் விலை சொல்லவில்லை. அதற்குப் புது டயர் இரண்டு போட்டிருக்கிறான். கடைப் பொடியன் ஏ1 வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான்.